குந்திரிக்கத்தின் பூர்வீகம்

நம் வீடுகளில் புகையும் சாம்பிராணிக்கும் குந்திரிக்கத்துக்கும் உறவு வாசனையளவில்தான். முன்னது சுமத்திரா முதலிய கீழ்த்திசைத் தீவுகளின் பிசின், பின்னதோ ஓமான் தேசத்துத் தோபார் மலைகளுக்கு அப்பால், பருவமழை மேகம் எட்டாமல் நின்றுவிடும் வறண்ட பள்ளத்தாக்குகளில், பாறையைப் பற்றி வளரும் குறுமரத்தின் கண்ணீர். பட்டையைச் சிற்றுளியால் சீவிவிட்டுச் சில தினங்கள் காத்திருந்தால் பால் கசிந்து இறுகும். முதற்கசிவை மட்டமென்று ஒதுக்கி, அதே காயத்தை மறுபடி கீறிப் பெறுவதே உத்தமமான சரக்கு.

இம்மரங்களைச் சிறகுள்ள சர்ப்பங்கள் காப்பதாகக் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். விலையை உயர்த்த விரும்பிய வர்த்தகர் எவரோ அவர் காதில் போட்ட கதையென்றே எனக்குத் தோன்றுகிறது. ஷப்வா நகரில் தெய்வத்துக்குப் பத்திலொரு பங்கு செலுத்தியபின், காஸா துறைமுகம்வரை ஒட்டகங்கள் 65 இடங்களில் தங்கிச் சென்றன என்றும், அலெக்ஸாந்திரியப் பட்டறைகளில் வேலையாட்களின் ஆடையைக் களைந்து சோதித்த பின்னரே வெளியே விட்டனர் என்றும் ரோமாபுரிப் பிளினி கூறுகிறார். தன் மனைவி பொப்பேயாவின் ஈமச்சடங்கில், அரேபியாவின் ஓராண்டு விளைச்சலைவிட அதிகமாக நீரோ எரித்தான் என்பதும் அவர் வாக்கே.

அந்தப் பிசின் கப்பலேறிய துறைகளுள் ஒன்று தோபார்க் கரையிலுள்ள கோர் ரோரி. அங்கே இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டெடுத்த, கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் மட்கல ஓடொன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருந்தது ‘ணந்தை கீரன்’ என்னும் பெயர்.