எரி, நில், குறை

2023 ஜனவரியில் கிழக்கு லண்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் வீடு குளிர்ந்துவிட்டது. காரணம், ஒரு விரற்கடை நீளமுள்ள செம்புக் கம்பி.

அங்கே பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். காம்பி பாய்லர் என்பார்கள். உள்ளே எரிவாயு எரியும். அதே தீதான் குழாயில் வெந்நீர் தரும். அதேதான் அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்களுக்கும் சூடான நீரை அனுப்பும். தொட்டி கிடையாது. எப்போது எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்வது கூடத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட். அத்தான் பழையதைக் கழற்றிவிட்டு, செல்போனில் இயக்கும் புதியது ஒன்றை வாங்கி மாட்டினார்.

புதியதின் ரிசீவரில் நாலு முனைகள் இருந்தன. லைவும் நியூட்ரலும் அது உயிர்வாழத் தேவையான 230 வோல்ட்டுக்கு. மற்ற இரண்டும் உள்ளே இருக்கும் ரிலேயின் இரு கரைகள். ரிலே என்பது வெறும் சுவிட்ச்; இரண்டு கம்பியைச் சேர்க்கும், பிரிக்கும். சில பாய்லர்கள் அந்தச் சுவிட்ச் வழியே 230 வோல்ட் வந்தால்தான் எரியும். அவற்றுக்கு லைவிலிருந்து ரிலேயின் ஒரு முனைக்குச் சின்னக் கம்பி ஒன்றைப் பாலமாகப் போட வேண்டும். வேறு சில பாய்லர்கள் தங்களுடைய குறைந்த அழுத்த மின்சாரத்தையே வெளியே அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். அவற்றுக்குப் பாலம் போடவே கூடாது. அத்தான் பார்த்த வீடியோ முதல் வகைக்கு உரியது. வீட்டில் இருந்தது இரண்டாம் வகை. "டப்" என்று ஒரு சத்தம். பாய்லரின் சர்க்யூட் போர்டு போய்விட்டது.

நாலு நாள் மின்சார ஹீட்டர் ஒன்றைச் சுற்றியே குடும்பம் உட்கார்ந்திருந்தது. அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "ஒரு கொல்லத்துக்காரன்ட்ட கைவேல பாத்த மாதிரில்லா ஆயிட்டு. ஏய்யா, ஒங்க அப்பா இருந்தாகன்னா இப்பிடித் தீய அணைய விட்டுருப்பாகளா?"

அப்பா தூத்துக்குடியில் ஓர் ஆலையில் பாய்லர் அட்டெண்டராக இருந்தவர். அந்த நாலு நாளும் எனக்கு அவர் நினைப்புதான்.

தூத்துக்குடியைக் கடலும் முத்தும் உப்பும் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நவீனத் தூத்துக்குடியை உருவாக்கியதில் நீராவிக்குப் பெரிய பங்கு உண்டு. ஹார்வி சகோதரர்கள் முதலில் 1885இல் பாபநாசத்தில் ஆலை தொடங்கியபோது தாமிரபரணியின் நீர்விசை இயந்திரங்களைச் சுழற்றியது. தூத்துக்குடியில் ஆலை வந்தபோது இங்கே அருவி இல்லை. துறைமுகம் இருந்தது, நிலக்கரி வந்து இறங்கும். நீராவியால் பஞ்சு நூலானது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய கம்பெனியின் பெயரே சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி. நாம் கப்பலைப் பார்த்தோம், கொடியைப் பார்த்தோம். கப்பலின் அடிவயிற்றில் கரியள்ளிப் போட்டவனை யாரும் பார்த்ததில்லை.

அவன் வேலை என்ன? வெறுமனே கரி போடுவது அல்ல. பாய்லரின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே நீர்மட்டம் தெரியும். மட்டம் கண்ணாடியைவிட்டுக் கீழே இறங்கினால் தீக்குழாயின் மேல்பகுதி நீரில்லாமல் காய்ந்து பழுத்து, இளகி, அழுத்தம் தாங்காமல் கிழியும். கிழிந்தால் கட்டடமே மிஞ்சாது. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் பாய்லர் ஆய்வுச் சட்டம் வந்தது. பிறகு மாகாணத்துக்கு ஒரு சட்டம். 1923இல்தான் நாடு முழுவதற்குமான இந்திய பாய்லர் சட்டம். தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் பொறுப்பில் இல்லாமல் பாய்லரை ஓட்டக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் முக்கியமான பகுதி. அப்பாவின் சான்றிதழ் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

அவர் தீயைப் பற்றிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "தீய எரியவும் அணைக்கவும் எவனும் செய்வான். கொறைக்கத் தெரியணும்ல." ஆலையில் நீராவி தேவை கூடப்போகிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்து, முள் இறங்குவதற்கு முன்பே டேம்பரைக் கொஞ்சம் திறப்பார். மதியச் சாப்பாட்டு மணிக்குக் கால்மணி நேரம் முன்பே தீயைத் தணிப்பார். ஏழு கிலோ அழுத்தம் என்றால் முள் ஏழிலேயே நிற்கும்.

இந்தக் கையை அகற்றுவதற்கான முயற்சியின் வரலாறுதான் தெர்மோஸ்டாட்டின் வரலாறு. 1620களில் டச்சுக்காரரான கொர்னேலியஸ் ட்ரெபெல், இங்கிலாந்தில் இருந்தபோது, கோழிமுட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு கூடினால் பாதரசம் உயர்ந்து காற்றுவழியை மூடும். தீ தானே தணியும். தெர்மோஸ்டாட் என்ற பெயரைக் கொடுத்தவர் கிளாஸ்கோவில் பிறந்த ஆண்ட்ரூ யூர். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகப் பட்டைகளை ஒட்டினால் சூட்டில் அது வளையும். அந்த வளைவு ஒரு கதவைத் திறக்கும், மூடும். 1830இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பஞ்சாலைகளுக்கு மாறாத வெப்பம் தேவைப்பட்ட காலம் அது. இதே யூர்தான் 1835இல் தொழிற்சாலை முறையைப் புகழ்ந்து ஒரு தத்துவப் புத்தகம் எழுதினார். திறமைசாலித் தொழிலாளி அடங்க மாட்டான், ஆகவே அவன் கைத்திறனை இயந்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். மார்க்ஸ் அவரைப் பிடிபிடியென்று பிடித்தது இதற்காகத்தான். யூர் சொன்ன அடங்காத தொழிலாளிகள் 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலையைவிட்டு வெளியே வந்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள், ஜெயித்தார்கள். ஆள் நின்றால் ஆலை நிற்கும் என்பதுதான் அவர்கள் கையிலிருந்த ஒரே ஆயுதம்.

வீட்டுத் தெர்மோஸ்டாட்டின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர். வகுப்பறை குளிர்கிறதா என்று பள்ளிப் பணியாளர் அறை அறையாக வந்து பார்த்து, பிறகு நிலவறைக்கு இறங்கி டேம்பரைத் திருப்புவார். ஜான்சன் 1883இல் காப்புரிமை பெற்ற கருவி, அறை குளிர்ந்ததும் கீழே மணியடித்தது. அதில் இன்னும் மனிதன் இருந்தான், மணியைக் கேட்க. 1886இல் ஆல்பர்ட் புட்ஸ் அவனையும் எடுத்துவிட்டார். அறை குளிர்ந்தால் மின்சுற்று மூடும், ஒரு மோட்டார் உலையின் டேம்பரைத் தூக்கும், காற்று புகுந்து தீ எழும்பும். புட்ஸ் தொடங்கிய நிறுவனத்தின் வழியில் வந்ததுதான் ஹனிவெல்.

எங்கள் ஊரிலும் இது நடந்தது. 1979இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. ஓர் அலகு 210 மெகாவாட். அங்கே கரியை மாவாக அரைத்துக் காற்றோடு ஊதுவார்கள். மண்வெட்டி கிடையாது, கட்டுப்பாட்டு அறைதான். அப்பா அதன் புகைபோக்கியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு, "அங்கன தீயவே யாரும் பாக்கதில்லையாம்" என்றார். பெருமையா வருத்தமா என்று அன்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பதிவுபெற்ற எரிவாயு மெக்கானிக் வந்தார். புதிய போர்டைப் பொருத்திவிட்டு, ரிசீவரிலிருந்த பாலக் கம்பியைப் பிடுங்கி அத்தான் கையில் கொடுத்தார். வீடு சூடானது. ஆனால் அம்மாவுக்குத் திருப்தி இல்லை. அடுப்படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மாப்பிள, இது ஏன் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க மூச்சு வாங்குது? எரியுது, நிக்கிது, எரியுது, நிக்கிது. இப்பிடி எரிஞ்சா கரி தாங்குமா?"

அத்தான் சிரித்தபடி மொழிபெயர்த்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. "அவங்க சொல்றது சரி" என்று ஆங்கிலத்தில் சொல்லி, மறுபடியும் மூடியைத் திறந்தார்.

விஷயம் இதுதான். சுவிட்ச் வகைத் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டே சொல்: எரி, நில். புட்ஸ் காலத்து மொழி அது. இப்போதைய பாய்லர்கள் புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்பவை. ஆனால் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75, 80 டிகிரியில் வைத்து எரி, நில் என்று ஓட்டினால் எரிவாயு வீண். இதற்காகவே 1996 வாக்கில் ஓப்பன்தெர்ம் என்ற பொது மொழி வந்தது. இரண்டே மெல்லிய கம்பி; எது எதில் என்ற கவலையில்லை. அதன் வழியே தெர்மோஸ்டாட், "இப்போது 45 டிகிரி போதும்" என்று கேட்கும். பாய்லர் சுடரைக் குறைத்துத் தரும். அந்தப் பெட்டியில் அதற்கான முனைகள் முன்பே இருந்தன. அத்தான் வாங்கிய கருவிக்கும் அந்த மொழி தெரியும். யாரும் இணைக்கவில்லை, அவ்வளவுதான். மெக்கானிக் இணைத்தார். தீ தணிந்து, சத்தமில்லாமல், நிற்காமல் எரிந்தது.

புட்ஸிலிருந்து எண்ணினால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இயந்திரம் மூன்றாவது சொல்லைக் கற்க. குறை. அப்பாவுக்கு அது மண்வெட்டி பிடித்த கையில் இருந்தது.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. கட்டுப்பாடு அத்தானின் செல்போனில். அவர் ஆபீசில் இருந்தபடி 18 என்று வைப்பார். மின்சார, எரிவாயு விலை ஏறிக்கிடந்த குளிர்காலம் அது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பகல் முழுக்க அந்த வீட்டில் இருப்பவள் அம்மா. தீக்கு யார் சொல்வது என்பது ஆலையில் மட்டுமல்ல, வீட்டிலும் கேள்விதான். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூடத்துச் சுவரிலிருந்த வட்டத்தை அவளுக்குக் காட்டி, கையால் திருப்பினாலும் கேட்கும் என்றேன்.

"ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான?" என்றாள்.

"ஆமாம்மா."

20க்குத் திருப்பினாள். அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாதி டிகிரி குறைத்தாள்.