மடகாஸ்கர்: தயிர் வியாபாரியும் 99 வருடக் குத்தகையும்

2008 நவம்பரில் லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. தென் கொரியாவின் டேவூ லாஜிஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் மடகாஸ்கர் தீவில் 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தை 99 வருடங்களுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது என்பதுதான் செய்தி. ஏக்கரில் சொன்னால் 32 லட்சம்! அந்த நாட்டின் விவசாய நிலத்தில் கிட்டத்தட்ட பாதிக்குச் சமம் என்று பத்திரிகைகள் எழுதின. 10 லட்சம் ஹெக்டேரில் மக்காச்சோளம், மீதியில் பாமாயில் பனை.

நிலத்துக்கு எவ்வளவு பணம்? ஒன்றும் இல்லை. ரோடு போடுவோம், துறைமுகம் கட்டுவோம், வேலை கொடுப்போம், அதுவே அவர்களுக்கு லாபம் என்றது நிறுவனம்.

கொரியாவின் பயம் பொய்யான பயம் இல்லை. அது தனக்கு வேண்டிய மக்காச்சோளத்தை பெரும்பாலும் வெளியில் இருந்தே வாங்கும் நாடு. 2007-08ல் உலகம் முழுக்க தானிய விலை எகிறியது. இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டன. கையில் காசு இருந்தாலும் தானியம் கிடைக்காது என்ற நிலை வந்தபோது, அடுத்தவன் நாட்டிலேயே பயிர் செய்துகொண்டு வந்துவிடலாம் என்ற யோசனை பல நாடுகளுக்கு வந்தது. வளைகுடா நாடுகளும் அப்போது ஆப்பிரிக்காவில் நிலம் தேடிக்கொண்டிருந்தன.

மடகாஸ்கரின் ஜனாதிபதி அப்போது மார்க் ரவலோமனானா. சைக்கிளில் தயிர் விற்று வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு டிகோ என்ற பெரிய பால் நிறுவனத்துக்கு முதலாளி, தலைநகர் அன்டனனரிவோவின் மேயர், 2002ல் ஜனாதிபதி. நாட்டையும் ஒரு கம்பெனி போலவே நடத்தினார் என்பார்கள். அவருக்கு அது கும்பிட வந்த தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஒரு முதலீடு. மக்களுக்கு?

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். 1896ல் பிரான்ஸ் இந்தத் தீவைப் பிடித்தபோது நிலப்பதிவுச் சட்டத்தையும் கூடவே கொண்டுவந்தது. பட்டா இல்லாத நிலமெல்லாம் அரசாங்கத்தின் நிலம் என்பதே அதன் சாரம். விவசாயிகளில் மிகப் பெரும்பாலோரிடம் பட்டா கிடையாது. தாத்தா உழுதார், அப்பா உழுதார், பேரன் உழுகிறான், அவ்வளவுதான் பத்திரம். 1960ல் சுதந்திரம் வந்த பிறகும் இந்த நிலைமை பல வருடம் மாறவில்லை. 2005ல்தான் ரவலோமனானா ஆட்சியே அதை மாற்றியது. காலங்காலமாக உழுகிறவனுக்கு உள்ளூர் அலுவலகமே சான்று தரலாம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அலுவலகங்கள் எல்லா ஊருக்கும் போய்ச் சேரும் முன்பே டேவூ வந்துவிட்டது! காகிதத்தில் அது ‘காலி நிலம்’. நேரில் போய்ப் பார்த்தால் மாடு மேயும், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் விதைப்பார்கள், ஓரத்தில் முன்னோரின் கல்லறை இருக்கும்.

கல்லறையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மலகாசி மொழியில் தாய்நாட்டுக்கு ‘தானின்ட்ராசானா’ என்று பெயர். நேர் அர்த்தம், முன்னோர்களின் மண். மலைப்பகுதி மக்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, முன்னோரின் எலும்புகளுக்குப் புதுத்துணி சுற்றி, மேளதாளத்தோடு ஆடுவார்கள். இவர்களிடம் போய் 99 வருடம் என்றால்? மூன்று நான்கு தலைமுறை.

அரசாங்கம் மழுப்பியது. நிலம் தேடிப் பார்க்க மட்டும்தான் அனுமதி, குத்தகை கையெழுத்தாகவில்லை என்றது. யாரும் நம்பவில்லை. பிரான்சில் வாழும் மலகாசிகள் மனு போட்டார்கள். அன்டனனரிவோவின் இளம் மேயர், முன்னாள் டி.ஜே. அன்ட்ரி ரஜோலினா இதைக் கையில் எடுத்தார்.

டேவூ ஒன்றால் மட்டும் ஆட்சி கவிழ்ந்தது என்று எழுதுவது மிகை. ஜனாதிபதி பெரும் செலவில் வாங்கிய விமானம், 2008 டிசம்பரில் மேயரின் டி.வி. சேனலை மூடியது, 2009 பிப்ரவரி 7ல் மாளிகை முன்னே காவலர்கள் சுட்டதில் பலர் இறந்தது, பிறகு ராணுவத்தில் கலகம்... எல்லாம் சேர்ந்துதான் மார்ச் 17ல் ரவலோமனானாவை இறக்கியது. ஆனால் கிராமத்து ஆளுக்கும் புரிந்த ஒரே குற்றச்சாட்டு, மண்ணை விற்றுவிட்டான் என்பதுதான். மறுநாளே ரஜோலினா டேவூ திட்டம் ரத்து என்று அறிவித்தார். சில மாதங்களில் டேவூ லாஜிஸ்டிக்ஸே கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடிப் போனது. ஒரு கதிர் மக்காச்சோளம்கூட விளையவில்லை!

அதோடு குத்தகை நின்றதா என்றால் இல்லை. தெற்கே இஹோரோம்பே பகுதியில் ஓர் இத்தாலிய நிறுவனம் 2012ல் சுமார் 6,500 ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தது. முதலில் காட்டாமணக்கு, அது சரிவராமல் மக்காச்சோளம். ரஜோலினா ஆட்சியில்தான் இதுவும் நடந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வருடக்கணக்காகப் போராடினார்கள்.