கருவுற்ற தாயும் கண்ணில் படாத பகையும்

சித்தூர் நகரம் 1911 ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராக விளங்கிற்று. அவ்வாண்டில் அது தனி ஜில்லாவாக, வேலூர் வட ஆர்க்காட்டின் தலைமையிடமாயிற்று. 1953 இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. 1960 இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. ஆகவே சித்தூர், திருப்பதிப் பகுதித் தமிழருள் பலர், குடியிருந்த வீட்டை விட்டுப் பெயராமலே வேற்று மாநிலத்தார் ஆனவர்கள். எல்லைக்கோடு மாறிய போதும் ஒரு வழக்கம் மாறவில்லை. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். கர்ப்ப காலத்து நோய்களின் வரலாறு அந்தப் பயணத்தையும் தொட்டு நிற்கிறது.

முன்னாளில் எல்லாரும் அஞ்சியது பிரசவ ஜன்னி. குழந்தை நலமாகப் பிறந்திருக்கும். வீட்டில் சர்க்கரை வழங்கியிருப்பார்கள். இரண்டொரு நாளில் தாய்க்குக் குளிர்காய்ச்சல் காணும். காற்றுப் பட்டது என்பார் சிலர், கண்ணேறு என்பார் சிலர். சென்னை எழும்பூரில் பிரசவ மருத்துவமனை தோன்றிய 1844 ஆம் ஆண்டில், மருத்துவருள் பெரும்பாலோருக்கு இதன் காரணம் தெளிவாக விளங்கியிருக்கவில்லை. மூன்றாண்டு கழித்து வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்பவர், பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களின் கைகளே நோயைச் சுமந்து வருகின்றன என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் உடனிருந்த மருத்துவருள் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கையே குற்றவாளி என்று ஒப்புவது எவருக்கும் எளிதன்று.

நம் பக்கத்தில் இடர் வேறு விதமாக இருந்தது. ஆண் மருத்துவரை அந்தப்புரத்தில் விடாத வீடுகள் மிகுதி. ராணிப்பேட்டையில் 1870 இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900 இல் வேலூரில் மருத்துவப் பணி தொடங்கி, 1918 இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஏற்படுத்தியது இக்குறையைத் தீர்க்கவே. திருப்பதியில் மருத்துவக் கல்லூரி 1960 இல் வந்தது. அதற்குள் சல்பா மருந்துகளும் பெனிசிலினும் ஜன்னியின் கொடுமையைப் பெரிதும் அடக்கிவிட்டிருந்தன.

இனிச் சொல்லப் போவது அறிகுறியே காட்டாத பகையைப் பற்றி. கர்ப்பிணிக்கு நீர்க்கடுப்பு வந்தால், "உடம்புச் சூடு" என்று இளநீரும் மோரும் தருவது நம் வழக்கம். நீர் அருந்துவது நல்லதே. ஆனால் கிருமி அதனால் சாவதில்லை. கரு வளர வளரச் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து, நீர் தேங்கிக் கிருமிக்கு இடம் தருகின்றன. பாஸ்டன் நகரில் எட்வர்டு காஸ் என்னும் மருத்துவர் 1950களின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்தார். சிலரிடம் கிருமி நிறைந்திருந்தது. நூற்றில் இரண்டு முதல் பத்துப் பேர் வரை இப்படி இருக்கலாம். மருந்து கொடாமல் விட்டால் இவர்களுள் ஏறத்தாழக் கால் பங்கினருக்குச் சிறுநீரகம் வரை தொற்று ஏறுகிறது. குறைமாதப் பிரசவத்துக்கும் அது வழி வகுக்கும்.

ஆகவே முதல் மாதங்களிலேயே சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கிருமி இருந்தால் மருத்துவர் குழந்தைக்கு ஊறு செய்யாத மருந்தைச் சில நாள்களுக்குத் தருவார். முடிந்தபின் மறுசோதனையும் வேண்டும். டெட்ராசைக்ளின் போன்றவை கர்ப்பிணிக்கு ஆகா. கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது கூடாது. நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்புற வலியும் கண்டால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். அரிப்போடு வெள்ளைபடுதல் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. உள்ளே வைக்கும் மாத்திரையால் தணியும். மேகநோய் வெளியே தெரியாமலே கருவைக் கெடுக்கும். இரத்தச் சோதனையில் அது புலப்பட்டால் பெனிசிலின் ஊசி போதும். கணவனும் சிகிச்சை பெற வேண்டும் என்பதைக் கூசாமல் சொல்லியாக வேண்டும்.

ஒரு பகையை இம்மாநிலம் முன்னின்று வென்றது. தொப்புள்கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்ததனால் வந்த இரண ஜன்னி, பச்சிளங்குழந்தைகளைக் கொன்றது. கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அதன் காப்பு குழந்தைக்கும் சேர்கிறது. இந்தியாவில் இந்நோய் ஒழிந்த நிலையை அடைந்ததாக முதலில், 2003 இல், உறுதி செய்யப்பட்ட மாநிலம் ஆந்திரம். நாடு முழுவதும் அந்நிலை எய்தியது 2015 இல்.

இனித் தாய்வீட்டுப் பயணம். சோதனைகள் நடப்பது திருப்பதியில். பிரசவம் பார்ப்பது வேலூரிலோ காஞ்சிபுரத்திலோ. தாய் சேய் அட்டை தெலுங்கில் இருக்கும். சில வேளை பெட்டியடியில் கிடக்கும். புறப்படுமுன் அதே மருத்துவரிடம் சிறுநீர், இரத்தச் சோதனை முடிவுகளையும், உண்ட மருந்துகளின் பெயர்களையும், ஊசி போட்ட தேதிகளையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். அத்தாள், வளையல்களோடு பெட்டியில் அல்ல, பெண்ணின் கைப்பையில் இருக்கட்டும்.