சக்கர நாற்காலி ரக்பி: மார்க் ஜூபன் வந்த வழி

சக்கர நாற்காலி ரக்பி, கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டுக் கை, கால் இரண்டும் செயல்குன்றியவர்களுக்காகக் கனடாவின் வின்னிபெக் நகரில் 1970-களின் பிற்பகுதியில் உருவான விளையாட்டு. அதற்குமுன் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குரிய குழு ஆட்டம் பெரும்பாலும் கூடைப்பந்துதான். கால்கள் மட்டும் செயலிழந்தவர் பந்தை வளையத்துக்குள் எறிந்துவிடுவார். விரல் மடங்காதவருக்குப் பந்தே வராது. அப்படி ஓரத்தில் இருந்த டங்கன் கேம்பலும் நண்பர்களும் தமக்கென ஓர் ஆட்டத்தை அமைத்து, 'மர்டர்பால்' (கொலைப்பந்து) என்று பெயரிட்டனர். நாற்காலிகள் மோதிக்கொள்ளும் ஓசையைக் கேட்டவர்கள் அந்தப் பெயரை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

கூடைப்பந்துக் களத்தில் அணிக்கு நால்வர் ஆடுவார்கள். பந்துடன் எதிரணியின் கோல் கோட்டைக் கடந்தால் ஒரு புள்ளி. நாற்காலியோடு நாற்காலி மோதலாம். ஆளை இடிக்கக் கூடாது. வீரர்களின் கை, உடல் இயக்கத்தைச் சோதித்து ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை தரப்புள்ளி வழங்குவார்கள். களத்தில் உள்ள நால்வரின் கூட்டுத்தொகை 8-ஐத் தாண்டக் கூடாது. பெண் வீரர் இருந்தால் ஒருவருக்கு 0.5 சலுகை உண்டு. 3.5 தரத்தில் இருவரை இறக்கினால் மற்ற இருவருக்கும் சேர்த்து மிஞ்சுவது 1 புள்ளிதான். ஆகவே மிகக் குறைந்த இயக்கம் உள்ளவரையும் அணி தேடிச் சேர்த்தாக வேண்டும். அவருடைய நாற்காலியின் முன்புறம் நீண்ட தடுப்புக் கம்பி இருக்கும். எதிரணியின் வேகமான வீரரை அதில் சிக்கவைத்து நிறுத்துவது அவர் வேலை. பந்தைத் தொடாமலே ஆட்டத்தைத் திருப்பிவிடலாம். இவ்விளையாட்டின் ஆகச் சிறந்த விதி இதுவே எனலாம்.

அமெரிக்கரான மார்க் ஜூபன் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர். 1993 அக்டோபரில், 18 வயதில், நண்பரின் பிக்கப் வண்டியின் பின்தட்டில் உறங்கிவிட்டார். அவர் இருப்பதை அறியாமலே நண்பர் வண்டியை எடுத்தார். விபத்தில் ஜூபன் கால்வாய்க்குள் வீசப்பட்டு, ஒரு கிளையைப் பிடித்தபடி ஏறத்தாழ 14 மணி நேரம் தண்ணீரில் கிடந்தார். கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. பின்னர் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சிவில் பொறியியல் படித்தார், ரக்பியில் 3.0 தர வீரரானார்.

1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இருந்த ரக்பி, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. 2004 ஏதென்சில் ஜூபனின் அமெரிக்க அணி வெண்கலம் பெற்றது. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்றது. இடையில், 2005-இல் வெளிவந்த 'மர்டர்பால்' ஆவணப்படம் அவரையும் ஆட்டத்தையும் உலகறியச் செய்தது. அப்படம் ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

மருத்துவமனைக் கட்டிலுக்கும் களத்துக்கும் நடுவே மறுவாழ்வுப் பயிற்சி என்ற நீண்ட கட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான இடங்களில் ஒன்றும் இத்தகைய விபத்திலிருந்தே பிறந்தது. வின்னிபெக்கில் ஆட்டம் உருவாவதற்குச் சற்று முன்பு, 1975-இல், ஆய்க்குடியைச் சேர்ந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் ஆய்க்குடியில் அவர் தொடங்கியதே அமர் சேவா சங்கம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி அங்கே அளிக்கப்படுகிறது.