துளைக்கருவியின் அதிர்வும் தொழிலாளியின் கையும்

நாகபுரியிலோ ராய்ப்பூரிலோ வாழும் தமிழர் ஒருவர், கோடைக்காலத்து இரவொன்றில் தம் தெருவில் பேரிரைச்சல் கேட்டு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் பெரிய வண்டி அங்கே நிற்கிறது. அதன் முகப்பில் 'திருச்செங்கோடு' என்று எழுதியிருக்கிறது. நெடுந்தொலைவில் நம் நாட்டு ஊர்ப்பெயரைக் கண்ட மகிழ்ச்சியோடு அருகே சென்று நின்றால், காலடியில் நிலம் நடுங்குவது தெரிகிறது. எங்கோ ஆழத்தில் இரும்பு கருங்கல்லைத் தாக்கிக்கொண்டிருக்கிறது.

நேயர்களே, அடிக்கின்ற அடி முழுவதும் பாறையைப் பிளப்பதில்லை. அதில் ஒரு பகுதி அடித்தவனை நோக்கியே திரும்புகிறது. கெட்டியான சுவரில் ஆணி அறைந்தவர் அனைவரும் இதை அறிவர். திரும்பி வரும் அந்த அதிர்ச்சியை எதில் வாங்கிக்கொள்வது, எவ்வாறு தணிப்பது என்பதே துளையிடும் தொழிலின் வரலாற்றில் பெரும்பகுதியாகும். அவ்வரலாற்றைப் படிக்கும்போது மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் தெரியவருகிறது. இரும்புக்கோலைக் காக்கும் வழி 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கருவியைப் பிடித்த கையைக் காக்கும் வழிக்கோ உலகம் அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தது.

பழங்காலத்தார் இந்தச் சிக்கலை வளைந்து கொடுக்கும் பொருள்களைக் கொண்டு சமாளித்தனர். சீன நாட்டுச் சிச்சுவான் மாநிலத்தில் உப்புநீருக்காகக் கிணறு துளைத்தவர்கள், மூங்கிற் பிளாச்சுகளால் ஆகிய வடத்தில் கனத்த இரும்பு உளியைத் தொங்கவிட்டனர். நெம்புகோலின் மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதிக்க உளி எழும்பும். அவர்கள் விலக உளி விழுந்து பாறையைக் குத்தும். உளி தாக்கும் கணத்தில் வடம் தொய்ந்துவிடுவதால் அடியின் அதிர்ச்சி மேலே ஏறுவதில்லை. இம்முறையாலேயே 1835ஆம் ஆண்டில் சிகோங் நகரத்து ஷென்ஹாய் கிணறு 1,001 மீட்டர் ஆழத்தை எட்டியது. அமெரிக்காவில், இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் கனாவா ஆற்றங்கரையில், ரஃப்னர் சகோதரர்கள் 1808ஆம் ஆண்டில் உப்புக்கிணறு ஒன்றைத் துளைத்து முடித்தனர். வில்லைப்போல் வளையும் நீண்ட மரக்கழி ஒன்றே அவர்களுக்கு உளியைத் தூக்கிக்கொடுத்தது.

ஐரோப்பாவிலோ, வடத்துக்குப் பதிலாக இரும்புக்கோல்களை ஒன்றோடொன்று திருகி இணைத்து இறக்கும் வழக்கம் இருந்தது. இரும்புக்கோல் வளைந்து கொடுக்காது. கிணறு ஆழமாக ஆகக் கோல்வரிசையின் கனமும் ஏறும். உளி பாறையில் மோதி நிற்கும்போது மேலேயுள்ள அத்தனை இரும்பும் அதன் தலைமீது வந்து இடிக்கும். கோல்கள் நெளிந்தன, இணைப்புகள் முறிந்தன. முறிந்த துண்டைக் கிணற்றுக்குள்ளிருந்து கொக்கியிட்டு எடுப்பதற்கு நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் உழைக்க வேண்டியிருந்தது. எடுக்க முடியாவிட்டால் கிணற்றையே கைவிட வேண்டும்.

இதற்கு மாற்றுக் கண்டவர் ஜெர்மனியின் சுரங்க அதிகாரி கார்ல் ஃபான் ஓய்ன்ஹவுசன். வெஸ்ட்ஃபாலியாவில் நாய்சால்ஸ்வெர்க் என்னுமிடத்தில் உப்புநீர் தேடித் துளைத்தபோது, 1834ஆம் ஆண்டில், அவர் உளிக்கும் கோல்வரிசைக்கும் இடையே சறுக்கி நகரும் இணைப்பு ஒன்றைப் பொருத்தினார். உளி பாறையில் மோதியதும் மேற்கோல்கள் சிறிது தூரம் தாமாகவே சறுக்கி இறங்கும். உளியின் தலைமீது இடியா. 'சறுக்கும் கத்தரி' என்று பொருள்படும் பெயரை ஜெர்மானியர் அதற்கு இட்டனர். அவர் துளைத்த இடத்தில் வெந்நீர் ஊற்று வெளிப்பட, அங்கே எழுந்த ஊர் இன்று அவர் பெயராலேயே பாட் ஓய்ன்ஹவுசன் என வழங்குகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், கனாவா உப்புக்கிணறுகளில் வேலை செய்த வில்லியம் மாரிஸ் என்பவரும் இதே கருத்துக்கு வந்தார். சங்கிலியின் இரண்டு நீண்ட வளையங்கள் ஒன்றனுள் ஒன்று நகர்வதுபோன்ற இணைப்புக்கு அவர் 1841ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 'ஜார்' என்று அழைக்கப்பட்ட அக்கருவி, இறங்கும்போது அதிர்ச்சியைத் தவிர்த்தது; ஏறும்போது சுண்டி இழுத்து, பாறையிடுக்கில் சிக்கிய உளியை விடுவித்தது. பிற்காலத்து எண்ணெய்க் கிணறுகளுக்கும் அது இன்றியமையாததாயிற்று. இந்தியாவிலும், அசாமின் டிக்பாயில் 1889இல் தொடங்கி 1890இல் 662 அடி ஆழத்தில் முடிந்த முதல் கிணறு, இவ்வாறு வடத்தில் உளியைத் தொங்கவிட்டுக் குத்தும் முறையில் துளைக்கப்பட்டதே.

இனிக் கிணற்றை விட்டு மலைக்குள் செல்வோம். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலையில் மோன் செனீ சுரங்கப்பாதை 1857இல் தொடங்கப்பட்டது. முதலில் சம்மட்டியும் உளியுமே கருவிகள். 1861இல் பொறியாளர் ஜெர்மன் சொமேயேர், அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் துளைக்கருவிகளை உள்ளே கொண்டுவந்தார். 1871இல் பாதை திறக்கப்பட்டது. அக்கருவிகள் மிகவும் கனமானவை. எவராலும் கையில் தூக்க இயலாது. எனவே தண்டவாளத்தில் ஓடும் இரும்பு வண்டியில் அவற்றைப் பூட்டினர். அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது அந்த வண்டியே.

பின்னர் வந்த முன்னேற்றம் ஒருவகையில் பின்னேற்றமும் ஆயிற்று. 1897இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜார்ஜ் லெய்னர் புதுவகைத் துளைக்கருவி ஒன்றைச் செய்தார். அதில் உளியோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடும் கனத்த தண்டு இல்லை. சிறு சுத்தியல் ஒன்று உளியின் தலையை விரைந்து விரைந்து தட்டியது. அதனால் கருவி இலேசாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே ஆள் கையில் பிடித்து வேலை செய்யும் துளைக்கருவிகள் சுரங்கங்களிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் பரவின. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள்! முன்பு இரும்பு வண்டி வாங்கிய அதிர்ச்சியை இப்போது மனிதனின் விரலும் மணிக்கட்டும் முழங்கையும் வாங்கின.

விளைவு விரைவில் தெரிந்தது. குளிர்ந்த காலைப்பொழுதில் தொழிலாளரின் விரல்கள் வெளுத்து, உணர்வற்று, மரக்கட்டைபோல் ஆயின. சட்டைப் பொத்தானைப் போடவும் அவர்களால் இயலவில்லை. 1911இல் இத்தாலிய மருத்துவர் லோரிகா இதனை எழுதி வெளியிட்டார். 1918இல் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார், இந்தியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு என்னும் ஊருக்குச் சென்று, காற்றுச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்குவோரை நேரில் ஆராய்ந்தார். நோய்க்குக் காரணம் கருவியின் அதிர்வும், கருவியை இறுகப் பிடிப்பதும், குளிருமே என்று அவர் தெளிவாக எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதற் பெண் ஆசிரியராக அமர்ந்தவர் இவரே.

உண்மை வெளிப்பட்டபின் மாற்றும் தொடர்ந்திருக்க வேண்டும் அன்றோ? அறுபது ஆண்டுகள் கழித்து, 1978இல், அதே பெட்ஃபோர்டில் மீண்டும் ஆராய்ச்சி நடந்தது. அப்போதும் கல் செதுக்குவோரிற் பெரும்பாலோர்க்கு அதே நோய் இருந்தது.

அந்த அறுபது ஆண்டுகளிலும் இரும்பைக் காக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. எண்ணெய்க் கிணறுகளில் குத்தும் முறை போய், உளியைச் சுழற்றித் துளைக்கும் முறை வந்தது. மூன்று கூம்புகள் உருளும் உளி, சுழலுந்தோறும் அடித்தளத்தில் மும்முறை எகிறி விழுவதைக் கண்டறிந்தார்கள். அந்த எகிறலைத் தணிக்க உளிக்கு மேலே வலிய வில்லமைப்பு கொண்ட அதிர்ச்சி தாங்கியைப் பொருத்தினார்கள். கோல் பக்கவாட்டில் சுழன்று கிணற்றுச் சுவரில் மோதுவதையும், சற்றே சிக்கிநின்று பின் திடீரெனச் சுழல்வதையும் தனித்தனியே அளந்து அடக்கினார்கள். இவையெல்லாம் போற்றத்தக்க சாதனைகள். 1974இல் மும்பை ஹை கடற்பகுதியில் எண்ணெய் கண்ட நம் நாட்டுக்கும் இவற்றால் நன்மை உண்டு.

எனினும் இரும்பு முந்தியது ஏன், கை பிந்தியது ஏன்? காரணம் எளியது. கோல் முறிந்தால் அன்றே வேலை நிற்கும்; நட்டம் முதலாளியின் கணக்கில் ஏறும். விரல் மரத்தால் வேலை நிற்பதில்லை. நோய் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஏறுகிறது. அந்த நட்டத்தைத் தொழிலாளி தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறான். யார் கணக்கிலும் ஏறாத நட்டத்துக்கு மாற்றுத் தேட எவரும் விரைவதில்லை.

கணக்கில் ஏறிய இடங்களில் மாற்றும் கிடைத்தது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. காட்டுமரம் அறுக்கும் சங்கிலி வாள்களின் கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் இடையே ரப்பரை வைத்து அதிர்வைத் தடுக்கும் முறை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியது. பின்லாந்தின் சுவோமுஸ்ஸால்மி வட்டாரத்து மரம் வெட்டுவோரில் 1972இல் நூற்றுக்கு 40 பேரிடம் இருந்த நோய், 1990இல் நூற்றுக்கு 5 பேராகக் குறைந்தது. பிரிட்டன் 1985இல் இதனைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1998இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளிக்க, ஈடு கேட்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம், எட்டு மணி நேர வேலையில் கை தாங்கத்தக்க அதிர்வின் உச்சவரம்பை வினாடி வர்க்கத்துக்கு 5 மீட்டர் என வரையறுத்தது, 2.5 மீட்டரைத் தாண்டினாலே அதிர்வைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்றும் விதித்தது.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. கோலார் தங்கவயலில் 1880 தொடங்கி 2001இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் பூமிக்குள் இறங்கிப் பாறை துளைத்தவர்களிற் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழரும் அவர் வழிவந்தோருமே. அங்கிருந்து வந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். அதைச் சொல்லும் வாய், அக்கருவியைப் பிடித்த கைகளையும் சொல்ல வேண்டும். மேலும், நம் போன்ற வெப்பநாடுகளில் விரல் வெளுப்பது எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குளிரில்தான் அது வெளிப்படும். ஆனால் நரம்பு கெட்டு விரல் மரப்பதற்குக் குளிர் வேண்டுவதில்லை. ஆகவே நோய் இல்லை என்று எண்ணி ஏமாறவும் இங்கே இடமுண்டு.

மீண்டும் அந்தத் திருச்செங்கோட்டு வண்டிக்கு வருவோம். அதன் சுத்தியல் மேலே இல்லை. கோல்வரிசையின் அடியில், உளியை ஒட்டியே உள்ளது. 1950களில் பெல்ஜியத்தில் உருப்பெற்ற முறை இது. அடி நேரே பாறைக்குச் செல்வதால் நெடுங்கோல்கள் அதை ஏந்திச் செல்ல வேண்டுவதில்லை. கருவியைத் தாங்குவது வண்டி. மோன் செனீ மலைக்குள் இருந்த அதே நல்ல ஏற்பாட்டுக்கு உலகம் சுற்றி வந்திருக்கிறது.

ஆனால் அடுத்த தெருவில் கான்கிரீட்டை உடைப்பவனும், கல்குவாரியில் வெடிக்குழி துளைப்பவனும் இன்றும் கருவியைக் கையில்தான் பிடித்திருக்கிறார்கள். கூர் மழுங்காத உளி, அதிர்வு தாங்கும் கைப்பிடி, கருவியை அளவுக்கு மீறி இறுக்காத பிடி, இடையிடையே ஓய்வு, முறை மாற்றி வேலை ஆகிய இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நேயர்களே, உங்கள் வீட்டிலோ உறவிலோ அத்தொழில் செய்பவர் இருந்தால், அவர் விரல்கள் இரவில் மரக்கின்றனவா என்று கேளுங்கள். ஆம் என்றால், 'வேலை என்றால் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கருவியை விட்டு ஓய்ந்தால் விரல்கள் ஓரளவு தேறும். முற்றிய பின் இழந்த உணர்வு மீள்வது அரிது.