யுத்தப் பிரகடனமும் ஜனங்களின் நம்பிக்கையும்

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மயிலையில் பங்குனிப் பெருவிழாவைக் கண்டவர் அனைவரும் அதன் உண்மையை நன்கறிவர். தேரைப் புறப்படுத்துமுன் ஊராரை ஒரு வார்த்தை கேளாமலிருந்துவிட்டு, அது பள்ளத்தில் இறங்கிய பின்னர், "நீங்கள் ஏன் வடம் பிடிக்கவில்லை?" என்று அவர்களை நோவது முறையாகுமா? யுத்தமும் அத்தகையதொரு பெருந் தேரே. அதனைத் தொடங்குவோர் சிலர். அதன் பாரத்தைச் சுமப்போர் பலர். இவ்வுண்மையை நமது நகரத்தின் சரித்திரத்தைக்கொண்டே நம் சங்கத்தாருக்கு எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1939ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 3ஆம் தேதி மாலை. மெரினாக் கடற்கரையில் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் பெருங் கூட்டமொன்றில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அப்பொழுது யாரோ ஒருவர் மாலைப் பத்திரிகை ஒன்றை அவர் கையிற் கொடுத்தார். பிரிட்டன் ஜெர்மனியின்மீது யுத்தப் பிரகடனம் செய்துவிட்டது என்பதே அதிலிருந்த செய்தி. அன்றைய தினமே ராஜப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் அன்றே பிறந்தது. மத்திய சட்டசபையை அவர் கேட்கவில்லை. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மாகாணங்களை ஆண்டுவந்த மந்திரிசபைகளையும் கேட்கவில்லை. முப்பத்தைந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் தாங்கள் யுத்தத்தில் இருப்பதைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டனர்.

சாம்ராஜ்யத்தின் பிற பகுதிகளில் நடந்தது யாது? தென்னாப்பிரிக்காவில் பிரதம மந்திரி ஹெர்ட்ஸாக் நடுநிலை வகிக்கவேண்டுமென்றார். பார்லிமெண்டு 80க்கு 67 என்ற வாக்குகளால் அவர் கருத்தை நிராகரித்தது. அவர் பதவி நீங்க, ஸ்மட்ஸ் அப்பதவியை ஏற்றார். கனடா தன் பார்லிமெண்டைக் கூட்டி விவாதித்து, செப்டம்பர் 10ஆம் தேதி தனியே பிரகடனம் செய்தது. அயர்லாந்து நடுநிலையிலேயே நின்றது. இந்தியா ஒன்றுதான் கேட்கப்படவுமில்லை. மறுக்கும் உரிமையும் அதற்கு இல்லை.

இக்குறை அன்று புதிதாகத் தோன்றியதன்று. 1914ஆம் வருஷத்து யுத்தத்திலும் நம்மை ஒருவரும் கேட்கவில்லை. எனினும் அப்பொழுது நம்மவர் மனமுவந்து உதவினர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. அஞ்சத்தக்க ஆசாமியை "எம்டன்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வது அந்த இரவின் நினைவே. உதவிக்குப் பிரதியாகச் சுயாட்சி கிட்டும் என்ற நம்பிக்கை அந்நாளில் பரவியிருந்தது. அடையாற்றிலிருந்து அதனை உரக்கக் கேட்ட அன்னி பெஸண்டு அம்மையார் 1917ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் காவலில் வைக்கப்பட்டார். யுத்தம் முடிந்தபின் வந்தது சுயாட்சியன்று. 1919ஆம் வருஷத்து ரௌலட் சட்டமே வந்தது. கதீட்ரல் ரோட்டில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் விருந்தினராகத் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு, நாடெங்கும் ஹர்த்தால் அனுஷ்டிக்கவேண்டும் என்ற எண்ணம் ஒரு விடியற்காலையில் உதித்தது. அடுத்த மாதம் 13ஆம் தேதி அமிர்தசரஸில் நடந்ததை யாவரும் அறிவர். ஆகவே 1939இல் நம்மவர் மனத்தில் இருந்தது வெறும் பிடிவாதமன்று. ஒருமுறை கொடுத்த கடன் திரும்பாதவனின் எச்சரிக்கையே ஆகும்.

ஹிட்லருடைய கொடுமையைக் காங்கிரஸ் ஆதரித்ததா? இல்லை. செப்டம்பர் 14ஆம் தேதி வார்தாவில் வெளியிட்ட அறிக்கையில் நாஜிக் கொள்கையை அது வன்மையாகக் கண்டித்தது. அது கேட்டது ஒன்றே: ஜனநாயகத்துக்காகப் போர் என்றால், அந்த ஜனநாயகம் இந்தியாவுக்கும் உண்டா? அக்டோபர் 17ஆம் தேதி ராஜப்பிரதிநிதி அளித்த விடையில், யுத்தம் முடிந்தபின் கலந்தாலோசிக்கலாம் என்பதற்குமேல் ஒன்றுமில்லை. அம்மாதம் முடிவதற்குள் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. கவர்னர் எர்ஸ்கின் பிரபு 93ஆவது பிரிவின்படி அதிகாரத்தைக் கைக்கொண்டார். 1946 வரையில் இம்மாகாணத்தில் ஜனங்களுக்குப் பதில் சொல்லும் மந்திரிகளே இல்லாமற் போயினர்.

இதில் எல்லோரும் ஒரே மனத்தினராயிருந்தனர் என்று நாம் எழுதினால் அது சரித்திரமாகாது. பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்களின் தலைமையிலிருந்த ஜஸ்டிஸ் கட்சியார் யுத்த முயற்சியை ஆதரித்தனர். மந்திரிசபைகள் விலகியதைக் குறித்து 1939 டிசம்பர் 22ஆம் தேதி ஜனாப் ஜின்னா விடுதலை நாள் கொண்டாடச் சொன்னபோது அதிற் கலந்தும் கொண்டனர். ஒரே வீதியில், ஒரே வீட்டிற்கூட, இருவேறு அபிப்பிராயங்கள் இருந்தன. ஆயினும் எந்த அபிப்பிராயத்தாரையும் முன்னதாக ஒருவரும் கேட்கவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டுவது.

இதன் பலன் 1942இல் வெளிப்பட்டது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னைக்கும் ஆபத்து நெருங்கிவிட்டதென்று கருதிய ஸர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம், இன்றியமையாத வேலை இல்லாதவர் நகரைவிட்டு நீங்கலாம் என்று அறிவித்தது. அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோகப்பட்டன. மிருகக்காட்சிசாலையிலிருந்த கொடிய மிருகங்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. எழும்பூர் நிலையத்தில் இடம் பிடிக்க ஜனங்கள் முட்டி மோதினர். மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் வீதிதோறும் பூட்டிய கதவுகளே காணப்பட்டன. ஜப்பானியக் கப்பற்படையோ சென்னையை நோக்கி வரவேயில்லை. அது கிழக்கே திரும்பிச் சென்றுவிட்டது.

ஓடியவரை இகழ்தல் எளிது. ஆனால் எவரை நம்பி அவர் நின்றிருக்கவேண்டும்? மலேயாவிலும் பர்மாவிலும் உழைத்த நம்மவர் பலர் கைவிடப்பட்டு, காடும் மலையும் கடந்து நடந்து வந்த கதைகள் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. தங்களைக் கேளாமல் யுத்தத்தில் இறக்கியவர் தங்களைக் காப்பர் என்று ஜனங்கள் நம்பவில்லை. "இருங்கள்" என்று சொன்னாலும் நம்பிக்கையில்லை; "போங்கள்" என்று சொன்னபோது மட்டும் நம்பினர்.

இனிப் பழி யாரைச் சாரும் என்று ஆராய்வோம். முதற் பழி, கேளாமல் முடிவு செய்தவரையே சாரும். இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மந்திரிகள் விலகியதனால் ஆபத்துக் காலத்தில் ஜனங்களுக்கு ஆறுதல் சொல்வாரின்றிப் போயிற்று என்னும் குற்றச்சாட்டையும் நாம் தள்ளிவிடுதற்கில்லை. இதனை முதலில் வாய்விட்டுச் சொன்னவர், விலகியவராகிய ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரே. 1942 ஏப்ரல் 23ஆம் தேதி, சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியார் அவர் தூண்டுதலால் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றினர்: முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று அதனுடன் உடன்பாடு காணவேண்டும் என்பதொன்று, சென்னையில் பொறுப்பாட்சி மீண்டும் ஏற்படவேண்டும் என்பது மற்றொன்று. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, லீக்கைப் பற்றிய அவர் கருத்தை 120க்கு 15 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அவர் தூற்றப்பட்டார், ஜூலையில் காங்கிரஸையே விட்டு விலகினார். அவர் கருத்து முழுவதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டுவதில்லை. பிறர்மீது பழி சுமத்தியபின் நம் கடமை தீர்ந்தது என்று அவர் இருந்துவிடவில்லை என்பதை மட்டும் மதிக்கவேண்டும்.

"யுத்தம் நியாயமானதுதானே? இருபத்தைந்து லட்சம் இந்தியர் படையிற் சேர்ந்தனரே?" என்று சிலர் வினவலாம். ஹிட்லரை எதிர்த்தது நியாயமே. ஆனால் நியாயமான காரியமும் கேளாமற் செய்யப்பட்டால் ஜனங்களுக்கு அந்நியமாகிவிடுகிறது. படையிற் சேர்ந்தவருள் பலர் சம்பளத்தை நாடியே சேர்ந்தனர். அது வயிற்றின் சம்மதம், மனத்தின் சம்மதமாகாது.

கேட்டுவிட்டால் மட்டும் போதுமோ? போதாது, உண்மையைச் சொல்லிக் கேட்கவேண்டும். 2003ஆம் வருஷம் ஈராக்கின்மீது படையெடுக்குமுன் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாக்கெடுத்தது. 2016இல் வெளியான சில்காட் விசாரணை அறிக்கையோ, சமாதான வழிகள் முற்றும் தீருமுன்னரே யுத்தம் தொடங்கப்பட்டதென்றும், ஆயுதங்களைப் பற்றி ஜனங்களுக்கு நிச்சயமெனக் கூறப்பட்டவை நிச்சயமானவையல்லவென்றும் கண்டது. வாக்குப் பெற்றிருந்தும் அங்கே நம்பிக்கை முறிந்தது. திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையைத் தனி அதிகாரமாக வகுத்தது, எண்ணுதலும் செய்தலும் பிரியலாகாது என்பதற்கே அன்றோ?

இன்று நாம் குடியரசின் பிரஜைகள். கேட்கும் உரிமை நம் பிரதிநிதிகளின் வாயிலாக நமக்கு உண்டு. உணர்ச்சி பொங்கும் வேளையில் கேள்வி கேட்பவனைத் துரோகி என்பதும், பின்னர் இடர் வந்தால் எல்லாப் பழியையும் ஒருவர் தலையிற் கட்டிவிட்டு ஒதுங்குவதும் அவ்வுரிமைக்கு இழுக்காகும். இது ராஜ்ய விஷயத்துக்கு மட்டுமன்று. நமது சங்கம் போன்ற சிறு சபைகளிலும், சிலர் முடிவுசெய்து பலர் சுமக்கும் காரியங்களில் இதே நியாயம் செல்லும்.

முடிவாக அங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். 1942இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவ்வாண்டில் உங்கள் குடும்பத்தார் எந்த வீட்டைப் பூட்டினர், எவ்வூருக்குச் சென்றனர், எப்பொழுது திரும்பினர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, இப்பொழுதே எழுதி வையுங்கள். அரசாங்கம் கேளாமல் விட்டவர்களை நாமாவது கேட்போமாக.