விதைமேற்றிணிவு அறியப்பட்ட வரலாறு

இனப்பெருக்கம் பற்றிய பாடம் வரும்பொழுது ஆசிரியர் குரலைத் தாழ்த்திக் கொள்வதும், மாணவர் தலையைக் கவிழ்த்துக் கொள்வதும் நம் பாடசாலைகளிற் காணும் காட்சி. அப்பாடத்தில் ஒரேயொரு வரியைப் பெற்று ஒதுங்கிக் கிடக்கும் உறுப்பொன்று உண்டு. விந்துக்களைச் சேமித்து வைப்பது விதைமேற்றிணிவு என்பதே அவ்வரி. மருத்துவர்க்குரிய இப்பொருளில் வரலாறு கற்பித்த ஒருவன் புகுவதற்கு உரிமை யாதென நேயர்கள் வினவலாம். அவ்வொரு வரியை எழுதுவதற்கு மனிதர்க்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. எழுதிய பின்னரும் அது முற்றுப்பெறாத வரியென்றே தெரியவந்தது. ஆதலின் இது வரலாற்றுக்கும் உரிய பொருளே.

ஆணின் விதை ஒவ்வொன்றின் பின்புறத்தையும் பற்றியபடி பிறைபோல் வளைந்து கிடப்பது விதைமேற்றிணிவு. அளவில் அது சிறுவிரலின் நீளமே உடையது. தலை, உடல், வால் என மூன்று பகுதிகளாக அதனை வகுப்பர். திணிவு என்னுஞ் சொல் கட்டியானதொரு பிண்டத்தை நினைவூட்டும். வெளிப்பார்வைக்கு அஃது அவ்வாறு தோன்றுவதும் மெய்யே. ஆயின் உறையை நீக்கிப் பொறுமையுடன் பிரித்தால், பிண்டம் மறைந்து நூல் வெளிப்படும். மயிரிழையினும் சிறிதே தடித்த ஒரே குழாய், கிளையின்றி, ஏறத்தாழ 6 மீற்றர் நீளத்துக்குச் சுருண்டு சுருண்டு அங்கே அடங்கியிருக்கின்றது. குதிரையில் இக்குழாய் 70 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. விதையினுள்ளே உருவான விந்துக்கள் ஒரு தொகுதி நுண்குழல்களின் வழியாக இதன் தலைக்கு வந்து, முழு நீளத்தையும் கடந்து, வாலிலே தங்கி, அங்கிருந்து அப்பாற்செலுத்தி எனும் குழாய்க்குச் செல்கின்றன. விந்து என்று யான் ஈண்டுக் குறிப்பது தலையும் வாலும் உடைய அந்நுண்கலத்தை; அது மிதந்து வரும் பாய்பொருளைச் சுக்கிலம் என்பேன். இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவிற் கொள்ளல் நன்று. பின்னர் அதனாலேயே ஓர் உண்மை விளங்கவிருக்கின்றது.

பழைய கிரேக்கத்தில், அரிஸ்டோட்டில் விலங்குகளை அறுத்துப் பார்த்து, விதையை ஒட்டி வளைந்து மடங்கிச் செல்லும் வழியைக் கண்டார். கண்டவர் அதற்குக் கூறிய காரணமோ வியப்புக்குரியது. அக்காலக் கிரேக்கப் பெண்கள் நெசவுத் தறியில் பாவு நூல் தளராதிருக்கும்பொருட்டு அதன் நுனியிற் கற்களைக் கட்டித் தொங்கவிடுவர். விதைகளும் அத்தகைய கற்களே என்றார் அவர். வளைந்த வழி மேலே இழுபட்டுப் போகாதவாறு தாங்கி நிற்பதன்றி, சுக்கிலத்தை ஆக்குவதில் அவற்றுக்குப் பங்கில்லை என்பது அவர் கருத்து. இதற்குச் சான்றாக, விதை நீக்கப்பட்ட காளையொன்று உடனடியாகப் பசுவைச் சேர, பசு கருவுற்றதென்னும் செய்தியையும் எடுத்துக் காட்டினார். வழியில் முன்னரே வந்து தங்கியிருந்த விந்துக்களே அக்கருவுக்குக் காரணமென்பதை இன்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். சரியான செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு பிழையான முடிவுக்கு வந்தார் அப்பேரறிஞர். எனினும் ஒன்றில் அவரைப் பாராட்டாதிருத்தல் இயலாது. வழி ஏன் நேராக இல்லாமற் சுற்றிச் செல்கின்றது, அச்சுற்றினால் வேகம் தணிவதன் பயன் யாது என்னும் வினாவை முதலில் எழுப்பியவர் அவரே.

அவருக்குப் பின், கி.மு. 300ஆம் ஆண்டையொட்டி, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலசு என்னும் மருத்துவர் மனித உடலையே அறுத்து ஆராய்ந்தார். அவருடைய நூல்கள் அழிந்தொழிந்தன, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் எழுதியவற்றாலேயே அவர் கண்டவை நமக்குத் தெரிகின்றன. கிரேக்கர் விதைகளை இரட்டையர் என்றழைத்தனர். இரட்டையர்மேல் இருப்பது என்னும் பொருள்பட அவர்கள் இட்ட பெயரே இன்றளவும் ஐரோப்பிய மொழிகளில் இவ்வுறுப்புக்கு வழங்குகின்றது. இடத்தைக் கூறும் பெயர் அது, தொழிலைக் கூறவில்லை. தொழில் தெரிந்தாலன்றோ கூறுவதற்கு! அதன்பின் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் கேலன் கூற்றே வேதவாக்காய் நின்றமையால் இவ்வரலாற்றில் விரித்துரைக்கத் தக்கது அதிகமில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்தை நோக்கவேண்டும். ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட காலமும் அதுவே. அங்கே றெனியர் டி கிராப் என்னும் இளம் மருத்துவர் 1668இல் ஆணின் இனப்பெருக்க உறுப்புக்கள் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். விதையென்பது பஞ்சுபோன்ற தசையன்று, நுண்குழாய்களின் தொகுதியே என்பதையும், விதைமேற்றிணிவு அவற்றிலிருந்து தொடர்ந்து செல்லும் குழாயென்பதையும் அவர் தெளிவாக நாட்டினார். டெல்ப்ட் நகரத்தில் அவர் வாழ்ந்தபொழுது, அதே நகரத்தில் அன்ரனி வான் லேவன்ஹுக் என்னும் துணி வணிகர் தாமே வில்லைகளைத் தேய்த்து நுணுக்குக்காட்டிகள் செய்துகொண்டிருந்தார். கல்லூரிப் படிப்பும் இலத்தீன் மொழியும் அறியாத அவ்வணிகரை 1673இல் இலண்டன் அரச சங்கத்துக்குக் கடிதமெழுதி அறிமுகப்படுத்தியவர் டி கிராப். அதே ஆண்டில், முப்பத்திரண்டாம் வயதில், அவர் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1677இல், லேவன்ஹுக் தம் நுணுக்குக்காட்டியில் சுக்கிலத்தை வைத்து நோக்கி, வாலசைத்து நீந்தும் எண்ணற்ற நுண்ணுயிர்களைக் கண்டார். சங்கத்துக்கு எழுதிய கடிதத்திலே, கற்றோர்க்கு இது அருவருப்பாயின் வெளியிடாது விடுக எனவும் கேட்டுக்கொண்டார். பாதையைக் கண்டவர் பயணியைக் காணாது மறைந்தார். அவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டவரே பயணியைக் கண்டார். வகுப்பிலே இதனைக் கூறும்போதெல்லாம் மாணவர் சற்றே மௌனமாகிவிடுவதைக் கண்டிருக்கின்றேன்.

பயணி இன்னாரென்று அறிய மேலும் நெடுங்காலம் சென்றது. சுக்கிலத்தில் வாழும் ஒட்டுண்ணிகளே அவை என்று அறிஞர் பலர் கருதினர். விந்து விதையின் கலங்களிலிருந்தே தோன்றுகின்றதென 1841இல் கோலிக்கர் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் காட்டிய பின்னரே அவ்வெண்ணம் தளர்ந்தது. இதற்கிடையில் உறுப்பமைப்பு ஆராய்ச்சி பாதரசத்தின் துணையால் முன்னேறியது. பாரமும் ஒளியும் உடைய பாதரசத்தை அப்பாற்செலுத்தியின் வழியே பின்னோக்கிச் செலுத்தினால், சுருண்ட குழாய் முழுவதும் வெள்ளிக் கம்பியெனப் புலப்படும். எடின்பரோவில் இளைய மன்றோ 1755இல் தமது பட்டத்துக்குரிய ஆய்வுரையில் இதனை வெளியிட, இலண்டனில் வில்லியம் ஹண்டர் தாமே முன்னர் செய்ததாகக் கூறிப் பூசலைத் தொடக்கி, 1762இல் அதற்கென ஒரு நூலையே அச்சிட்டார். கற்றோர் காய்ச்சல் எக்காலத்தும் ஒன்றுபோலும்.

இதுவரை கூறியன ஆய்வுகூடத்துச் செய்திகள். இனிக் கூறவிருப்பது வீட்டுக்குள் நிகழ்ந்தது. பாரிசு நகரத்துச் சத்திர வைத்தியர் லெயோன் கொசெலின், வெட்டை நோய் கண்டு இருபுறத்து விதைமேற்றிணிவும் வீங்கிப் பின் குணமடைந்த ஆடவரை ஆராய்ந்து 1847இலும் 1853இலும் எழுதினார். அவர்கள் நல்ல உடல்நலத்துடனும் ஆண்மைக்குறைவு எதுவுமின்றியும் இருந்தனர். சுக்கிலமும் வழமைபோலவே வெளிப்பட்டது. ஆனால் நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபொழுது அதில் ஒரு விந்துதானும் இல்லை. வீக்கம் ஆறிய இடத்தில் அந்நுண்குழாய் அடைபட்டுவிட்டது. சுக்கிலத்தின் பெரும்பகுதி அப்பால் உள்ள வேறு சுரப்பிகளிலிருந்து வருவதாகையால், அடைப்பு உண்டானதை அம்மனிதன் தானே அறிய வழியில்லை. முன்னர் யான் விந்தையும் சுக்கிலத்தையும் வேறுபடுத்தியது இதன்பொருட்டே. மயிரிழை போன்றதொரு குழாயில் ஓரிடத்தில் உண்டான தழும்பினால் ஒரு குடும்பத்தின் வழி நின்றுவிடும். பழியோ மனைவியைச் சேரும்.

தமிழில் மலடி என்னுஞ் சொல்லை அறியாதார் இலர். மலடன் என்னுஞ் சொல்லும் அகராதியில் உண்டு. ஆயின் ஊரில், திருமண வீட்டில், கோயில் வீதியில் அச்சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்? பிள்ளையில்லாத பெண்ணைத் தொட்டில் கட்ட அழையாது விட்ட வீடுகளை என் இளமையில் கண்டதுண்டு. அவ்வீடுகளில் எவரும் கணவன்மாரை நுணுக்குக்காட்டியின் முன் நிறுத்தவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பாரிசில் அச்சாகிவிட்ட உண்மை நம் முற்றங்களை வந்தடையவில்லை. தமிழில் இவற்றைச் சொல்ல முடியாதென்பதும் பொருந்தாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 முதல் 1873 வரையான தம் பணிக்காலத்தில் மாணவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அங்காதிபாதம், சத்திர வைத்தியம் முதலியவற்றைத் தமிழ் நூல்களாக்கினார். மொழியிற் குறையில்லை, நாக்கூச்சமே தடையாயிற்று.

அடைப்பைக் கடக்க முதலில் முயன்று வெற்றி கண்டவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துச் சத்திர வைத்தியர் எட்வேட் மாட்டின். 1902இல் அவர் அப்பாற்செலுத்தியைத் திறந்து, கீறப்பட்ட விதைமேற்றிணிவின்மீது நுண்ணிய வெள்ளிக் கம்பியால் இணைத்துத் தைத்தார். சுருள்களில் ஏதேனுமொன்று அவ்வாயிற் பொருந்தும் என்னும் நம்பிக்கையே அவருக்குத் துணை. அம்மனிதனுக்குப் பிள்ளை பிறந்தது. சிகிச்சை வெளியான அன்றே, பிள்ளையின்மைக்குக் கணவனிடத்திலும் காரணம் இருக்கலாம் என்னும் உண்மைக்கு மறுக்கவொண்ணாத சாட்சியொன்று தொட்டிலிலே கிடைத்ததெனலாம்.

இனி அரிஸ்டோட்டிலின் வினாவுக்கு வருவோம். வழி ஏன் இவ்வளவு நீளம்? விதையிலிருந்து புதிதாய் வெளிவந்த விந்து முன்னோக்கி நீந்தவும் சூலைக் கருக்கட்டவும் இயலாதது. வாலை அடைந்தபொழுது அவ்விரண்டும் வல்லது. இது 1920ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. இம்மாற்றத்துக்குக் காரணம் காலமா, இடமா என்பதே பிணக்கு. சிக்காகோவில் வில்லியம் யங் என்பார் கினிப்பன்றிகளில் இக்குழாயைக் கட்டிவைத்துச் செய்த சோதனைகளின் பயனாக 1931இல் காலமே என்று தீர்ப்பளித்தார். விந்து தானே முதிர்கின்றது, எங்கிருந்தாலும் முதிரும், விதைமேற்றிணிவு காத்திருக்கும் மண்டபமேயன்றி வேறன்று என்பது அவர் முடிவு. அம்முடிவு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்தது. பாடநூலில் உள்ள சேமித்து வைப்பது என்னும் வரி அக்காலத்துக் கருத்தின் எச்சமே.

1967இல், அமெரிக்காவிற் பணியாற்றிய மரி கிளேர் ஒர்ஜெபின் கிறிஸ்ற் என்னும் அம்மையாரும், மைக்கேல் பெட்போட் என்பாரும் தனித்தனியே முயல்களை வைத்துச் சோதித்தனர். குழாயின் தலைப்பகுதியில் விந்துக்களை முடிச்சிட்டுத் தடுத்து, முதிர்வதற்கு வேண்டிய நாட்களைக் கொடுத்தனர். நாட்கள் கழிந்தன, விந்துக்களில் அசைவு தோன்றியது, ஆயின் கருக்கட்டும் வல்லமை வரவில்லை. கீழ்ப்பகுதிகளைக் கடந்தவற்றுக்கே அது வாய்த்தது. மண்டபம் என்று எண்ணப்பட்டது உண்மையிற் பட்டறையாயிருந்தது. குழாயின் சுவர் தலையில் ஒருவகைப் புரதங்களையும், உடலில் வேறு வகைகளையும் சுரக்கின்றது. தேவையற்ற நீரை உறிஞ்சுகின்றது. விந்தின் மேற்பரப்பை இடத்துக்கிடம் மாற்றி அமைக்கின்றது. மனிதனில் இப்பயணம் சில நாட்கள் முதல் இரு வாரம் வரை நீடிக்கும். பத்தாண்டுகள் ஒரே வகுப்பில் இருத்தப்பட்ட மாணவன் பத்தாம் வகுப்புத் தேறியவனாகான் என்பதை ஆசிரியர்க்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் யங் முற்றிலும் தவறினார் என்று தள்ளிவிடுவதும் நீதியன்று. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நுணுக்குக்காட்டியின்கீழ்ச் செய்யும் சத்திரசிகிச்சை வளர்ந்து, அப்பாற்செலுத்தியை அந்த ஒற்றைக் குழாயுடனேயே நேரே இணைக்க முடிந்தது. தலைப்பகுதியில் இணைக்கப்பட்ட ஆடவருட் சிலரும், 1988இல் வெளியான ஆய்வொன்றின்படி தலைக்கும் முந்திய நுண்குழல்களில் இணைக்கப்பட்டவருங்கூடத் தந்தையராயினர். முயலுக்கு இன்றியமையாதது மனிதனுக்கும் முழுதும் அவ்வாறே என்று கூறவியலாதென்பது அதனாற் புலனாயிற்று.

இணைப்புக்கும் இடமில்லாதவர்க்கு வேறு வழி பிறந்தது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்து மருத்துவர்கள் 1985இல், விதைமேற்றிணிவிலிருந்து ஊசியால் எடுத்த விந்துக்களை உடலுக்கு வெளியே சூலுடன் சேர்த்துக் கருவுண்டாக்கினர். 1992இல் பெல்சியத்தின் பிரசல்ஸ் நகரத்தில் ஒற்றை விந்தைச் சூலினுள் நேரே செலுத்தும் முறை வெற்றி கண்டது. அடுத்த சில ஆண்டுகளுள், அந்த 6 மீற்றர் பாதையில் ஓரடிதானும் வையாது விதையிலிருந்தே எடுக்கப்பட்ட விந்துக்களாலும் குழந்தைகள் பிறந்தன. அவ்விந்து இன்றும் தானே நீந்திச் சென்று சூலைத் துளைப்பதில்லை. மருத்துவரின் கண்ணாடி ஊசி அதனைச் சுமந்து செல்கின்றது.